உள்ளங்கையளவு அப்பா

என் மகள் ஆதிரையின் தலையில் கொட்டிய கொழுக்கட்டைகளில் ஒன்று உருண்டுபோய் வசந்தி மச்சாளின் மடியில் விழுந்தது. மச்சாள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இனிச் சாமான்களை வைக்கலாம் என்று உத்தரவு கொடுத்தார். மச்சாள் என் கணவரின் அக்கா. அவர் கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டால் என் வீட்டில் நானே விருந்தாளிதான்.

பல்லுக் கொழுக்கட்டை எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கொண்டாட்டம். பிள்ளைக்கு முதற்பல் வந்ததும் வெள்ளைத்துணி விரித்து இருத்தி, தேங்காய்ச்சொட்டைப் பல் மாதிரி வெட்டி விளிம்பில் குத்திய கொழுக்கட்டையைத் தலையில் கொட்டுவார்கள். பிறகு பிள்ளைக்கு முன்னால் நாலைந்து சாமான்களைப் பரப்பி வைப்பார்கள். அது தவழ்ந்துபோய் எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம். புத்தகம் என்றால் படிப்பு, நகை என்றால் செல்வம்.

மச்சாள் ஒரு விளையாட்டு ஸ்டெதஸ்கோப்பை வாங்கி வந்திருந்தார். யாரும் பார்க்காத நேரம் அதைக் காலால் தள்ளிப் பிள்ளைக்குக் கிட்ட வைத்தார். நான் பார்த்தேன், அப்படியே விட்டுவிட்டேன். டொக்டர் என்றால் எனக்கு மட்டும் கசக்குமா?

சாமான்களுக்குப் பின்னால், தண்ணீர்ச் செம்பில் சாய்ந்தபடி என் தொலைபேசி நின்றது. அதற்குள் டொரொண்டோவில் இருக்கும் என் தம்பி கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்தான்.

ஆதிரை புறப்பட்டாள். ஸ்டெதஸ்கோப்பைக் கையால் ஒதுக்கினாள். புத்தகத்தின் மேல் முழங்காலை ஊன்றிக் கடந்தாள். சங்கிலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே போய்த் தொலைபேசியை இழுத்தெடுத்தாள். செம்பு சரிந்து பாயெல்லாம் தண்ணீர். தம்பியின் கொட்டாவி பாதியில் நின்றுபோனது.

ஐடி என்றார் ஒருவர். எல்லோரும் கைதட்டினார்கள். ஐடியும் இந்தக் காலத்தில் குறைந்த உத்தியோகமில்லை என்று மச்சாள் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஆதிரை தொலைபேசியின் முகத்தில் எச்சில் வழிய ஒரு முத்தம் வைத்தாள். பிறகு தெளிவாக, “ப்பா” என்றாள்.

கைதட்டல் நின்றது. ஏனென்றால் அப்பா அங்கேயேதான் இருந்தார். பட்டுவேட்டியும் கட்டி, அவளுக்கு நேர் எதிரே, இரண்டு கைகளையும் நீட்டியபடி.

மேற்பல்லா, கீழ்ப்பல்லா

என் கணவர் சுகந்தன் அப்போது சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். ஆதிரை பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு கப்பலேறியவர். போன இதழில், இதே பத்தியில், ஆதிரை பிறந்த ஆஸ்பத்திரிக் கதையை எழுதியபோது அவரைப் பற்றி ஒரு வரிதான் வந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் அவருடைய பங்கும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

பல் வந்த செய்தியைச் சொன்னதும் டொரொண்டோத் தம்பி முதலில் கேட்டது, மேற்பல்லா கீழ்ப்பல்லா என்று. மேற்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். கம்பியூட்டர் படித்தவன், பனிக்குள் இருக்கிறவன், வெள்ளவத்தையில் முளைத்த ஒரு பல்லுக்குப் பயந்தான். கீழ்ப்பல் என்று நான் சொன்ன பிறகுதான் வாழ்த்துச் சொன்னான்.

கொண்டாட்டத்தைத் தகப்பன் வரும்வரை பின்போட்டோம். அதற்குள் நாலு பல் வந்துவிட்டது. தலையில் விழுந்த கொழுக்கட்டையைப் பொறுக்கித் தானே கடித்துத் தின்ற பிள்ளை எங்கள் பரம்பரையில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தொலைபேசிக்கு ஒரு வாய்

தகப்பன் முகம் பிள்ளைக்கு மறந்துவிடக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாகப் பாடுபட்டோம். நான், மச்சாள், எதிர்வீட்டு ஃபரீனா, கடலின் நடுவில் இருந்து அவர். ஃபரீனாவின் கணவருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. நான் வேலைக்குப் போகும் நேரம் ஆதிரையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

கப்பலில் இணைய வசதி கிடைக்கும் நேரமெல்லாம் அவர் வீடியோவில் வருவார். “இஞ்ச பார், அப்பா” என்று தொலைபேசியைக் காட்டுவோம். சோறு ஊட்டும்போது அவளுக்கு ஒரு வாய், தொலைபேசிக்கு ஒரு வாய். தூங்கப் போகும்போது அதற்கு ஒரு கொஞ்சல். அலை கொஞ்சம் உயர்ந்தால் அவர் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். அதுவும் அவருடைய சுபாவம் என்று பிள்ளை எடுத்துக்கொண்டாள். நின்றுபோன முகத்தையும் விடாமல் கொஞ்சினாள்.

அவளுடைய முதற்சொல் “ப்பா” தான். தொலைபேசி மணி அடித்தபோது சொன்னாள். அன்று நாங்கள் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. ஃபரீனா வட்டலப்பம் செய்து கொண்டுவந்தாள்.

பிறகுதான் விஷயம் விளங்கத் தொடங்கியது. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறேன். கடைக்காரரின் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. என் இடுப்பில் இருந்தவள் இரண்டு கைகளையும் அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டி, “ப்பா, ப்பா” என்று துள்ளினாள். பக்கத்தில் கத்தரிக்காய் தெரிவு செய்துகொண்டிருந்த அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து விளக்கம் சொன்னேன். மனைவி சிரித்துவிட்டார். கடைக்காரர்தான் பாவம், அன்றைக்கு ஒரு கட்டுக் கீரை சும்மா தந்து என்னை அனுப்பிவைத்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்பது இதுதான். எங்கள் பிள்ளைக்கு அப்பாவைத் தெரியும். அப்பா என்பது உள்ளங்கையளவு, தட்டையாக இருக்கும், ஓரத்தில் மினுங்கும், சில நேரம் சூடேறும்.

ஆறடி மனுசன்

அந்த அப்பா திடீரென்று ஆறடி உயரத்தில், கழுத்தும் தோளும் செருப்புச் சத்தமுமாக விமான நிலையத்தில் வந்து நின்றால் எந்தப் பிள்ளைதான் தாங்கும்? அவர் கையை நீட்டியதும் அவள் வைத்த அலறலில், கட்டுநாயக்காவில் பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு பொலிஸ்காரர் கிட்ட வந்து, இவர் யார் என்று என்னிடம் கேட்டார். பிள்ளையின் தகப்பன் என்றேன். அவர் நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். மீன்காரரிடம் போவாள். வாயிற்காவலாளியின் தொப்பியைப் பிடித்து இழுப்பாள். ஃபரீனாவைக் கண்டால் என்னையே விட்டுத் தாவுவாள். இவர் அறைக்குள் வந்தால் மட்டும் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைப்பாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் கிருலப்பனையில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். புதுப் பிள்ளைகள் சேரும் தை மாதத்தில் எங்கள் வாசலில் நடக்கும் அழுகைக் கச்சேரியைப் பல வருடங்களாகப் பார்த்தவள். கலங்கி நிற்கும் தாய்மாருக்கு நான் சொல்கிற பாடம் ஒன்று உண்டு. பிள்ளை அழட்டும், பயப்பட வேண்டாம், தன் ஆள் யாரென்று தெரிந்த பிள்ளைதான் அந்த ஆள் போகும்போது அழும், அதே ஆள் திரும்பி வந்ததும் ஆறும் என்பேன். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் ஓர் ஆளை அப்படி இறுக்கிப் பிடிக்கக் கிடைத்த பிள்ளைதான் பிறகு கையை விட்டுத் தைரியமாக ஓடும் என்பேன். யாரைப் பிடிப்பதென்று பிள்ளைக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்க முடியாது, பசிக்கும்போதும் பயப்படும்போதும் எந்தக் கை வருகிறதோ அந்தக் கையைத்தான் அது பிடிக்கும் என்பேன்.

இவ்வளவும் ஊருக்கு உபதேசம். வீட்டில் என் சொந்தப் பிள்ளை தகப்பனை மேசையில் வைத்து மின்னேற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டு அப்பா

சுகந்தன் எஞ்சின்காரர். எந்தப் பழுதுக்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிற ஜாதி. பல்லுக் கொழுக்கட்டை முடிந்த மறுநாள் ஒரு திட்டத்தோடு வந்தார். அவர் பல்கனியில் நின்று எனக்கு வீடியோ அழைப்பு எடுப்பார். பிள்ளை தொலைபேசியில் அப்பாவைக் கண்டு சிரிக்கும் நேரம், கதைத்தபடியே மெல்ல மெல்ல உள்ளே வருவார். சின்ன அப்பாவும் பெரிய அப்பாவும் ஒன்றுதான் என்று அவளுக்கு விளங்கிவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. முகம் தெரிந்ததும் அவளும் சிரித்தாள். ஆனால் குரல் முதலில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து வந்தது, பிறகுதான் தொலைபேசியில் இருந்து வந்தது. அவள் அங்கே பார்த்தாள், இங்கே பார்த்தாள். இவர் முகத்துக்கு முன்னால் தன் தொலைபேசியைப் பிடித்தபடி பூனைநடை நடந்து வந்து, கிட்ட வந்ததும் அதைக் கீழே இறக்கினார்.

அவ்வளவுதான். சின்ன அப்பாவை விழுங்கிவிட்டு ஒரு பெரிய மனுசன் வந்து நிற்பதாக நினைத்தாளோ தெரியாது. அவளைச் சமாதானப்படுத்த நான் ஃபரீனா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் அவர் பல்கனிக் கொடியில் பிள்ளையின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். ஒரு சின்னச் சட்டையை உதறிக் கையில் வைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“வைகாசி முடிய அடுத்த கப்பல். அதுக்குள்ள என்னைத் தெரிஞ்சுகொள்ளுவாளோ? இல்லாட்டி அந்தப் பயணம் முடிஞ்சு வரேக்கயும், ஆரோ ஒரு மனுசன் வந்திருக்கு எண்டுதான் பாப்பாளோ?”

பகிடி பண்ணியே அவரோடு குடும்பம் நடத்துகிறவள் நான். அன்றைக்கு ஒரு பகிடியும் வரவில்லை. தொலைபேசிகளை அவள் கண்ணில் படாமல் வைப்பதென்று மட்டும் முடிவெடுத்தோம்.

ரயிலுக்கு நன்றி

எங்கள் ஒழுங்கை கடலில் போய் முடியும். கடலுக்கு முன்னால் தண்டவாளம். ரயில் கடக்கும்போதெல்லாம் சாரதி ஹோர்னை அமத்திப் பிடிப்பார். எங்களுக்கு அது காதிலேயே விழாது. ஆதிரைக்கு மட்டும் அது பிடிக்கவே பிடிக்காது. ஹோர்ன் கேட்டால் என்ன விளையாட்டில் இருந்தாலும் போட்டுவிட்டு வந்து என்மேல் ஏறிவிடுவாள்.

ஒரு பின்னேரம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். இவர் முன்னறைத் தரையில் ரைஸ்குக்கரைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். பிள்ளையை மயக்கும் முயற்சிகளைக் கைவிட்டு, கைக்கு அடங்கிய ஒரு பழுதோடு மினக்கெட்ட நாட்கள் அவை. அவள் அறையின் மறுமூலையில் மூடிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தலை முழுக்கச் சவர்க்கார நுரை. ரயில் ஹோர்ன் கேட்டது. இனி அலறல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துவாயைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து எட்டிப்பார்த்தேன்.

அவள் அவர் உடுத்திருந்த சாரத்தை இரண்டு கைகளாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். அவர் திருப்புளியை அந்தரத்தில் பிடித்தபடி சிலையாக இருந்தார். மூச்சு விட்டாரோ என்றுகூடச் சந்தேகம். என்னைக் கண்டதும் கண்ணாலேயே உள்ளே போகச் சொன்னார்.

போனேன். நுரை காயும்வரை குளியலறைக்குள்ளேயே நின்றேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகு அவர் ரயில் பக்தராகிவிட்டார். எந்த வண்டி எந்த நேரம் வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். வண்டி வரப்போகும் நேரம் தற்செயலாக வந்தவர்போல அவளுக்குக் கிட்டத் தரையில் உட்கார்ந்துகொள்வார். என்னைக் குசினிக்குப் போகச் சொல்வார். வண்டி பிந்தினால் பல்கனியில் நின்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். ஹோர்ன் கேட்டதும் அவள் வருவாள், பிடிப்பாள், வண்டி போனதும் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். நன்றி கிடையாது, சிரிப்புக் கிடையாது. மழைக்கு மரத்தடியில் ஒதுங்குகிறவர்கள் மரத்திடம் சுகம் விசாரிக்கிறார்களா என்ன?

அவருக்கு அது போதுமாக இருந்தது. கூடவே சோறும் பருப்பும் பிசைந்து ஊட்டினார். குளிக்க வார்த்தார். அவள் துப்பினதைத் துடைத்தார், கொட்டினதைக் கூட்டினார். கொஞ்சலும் இல்லை, வேடிக்கை காட்டலும் இல்லை.

வேலைநிறுத்தம்

அந்த நேரம் பார்த்து ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

கொழும்பே தலையில் கைவைத்தது. பஸ்களில் ஆட்கள் வௌவாலாகத் தொங்கினார்கள். நானும் பிரதான வீதியான காலி வீதியில் நின்று நின்று, கடைசியில் முச்சக்கரவண்டி பிடித்துத்தான் கிருலப்பனைக்குப் போனேன். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தால் என் கணவரைப்போல மனம் நொந்தவர் எவரும் இருக்கமாட்டார். வானொலிச் செய்தியைக் கேட்டுக்கேட்டு, பேச்சுவார்த்தை தோல்வி என்றதும் தேநீரைக் கூடக் குடிக்காமல் வைத்துவிட்டார். அரசாங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து தன் பிள்ளையைப் பறித்துவிட்டதுபோலக் கதைத்தார்.

அடுத்த நாளும் தண்டவாளம் அமைதியாகக் கிடந்தது. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் சுவரில் சாய்ந்து கால்நீட்டி இருந்தார். ஆதிரை குசினியில் இருந்து ஒரு சோற்றகப்பையை இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்தாள். எனக்குத்தான் கொண்டுவருகிறாள் என்று கையை நீட்டினேன். என்னைக் கடந்து போனாள்.

அகப்பையை அவர் மடியில் போட்டாள். அவர் எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். வாங்கினாள். மறுபடி மடியில் போட்டாள். போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, நாலு பல்லும் தெரியச் சிரித்தாள்.

பயப்பட ஒன்றுமில்லாத நேரத்திலும் வந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? அகப்பை அன்று பின்னேரம் முழுக்கப் போய்வந்துகொண்டிருந்தது. கறியைக் கரண்டியால்தான் கிண்டினேன்.

பாண் வாங்கப் போனவர்

சித்திரை கழிந்து ஒரு பின்னேரம். சாப்பாட்டுக்குப் பேக்கரியில் பாண் வாங்கிவரப் புறப்பட்ட இவர், வழக்கம்போலச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஆதிரை என் மடியில் இருந்தாள். கதவைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இறங்கித் தவழ்ந்துபோய்க் கதவில் கையை வைத்தாள். உதடு பிதுங்கியது. பிறகு, “ப்பா” என்று கூப்பிட்டாள். பதில் வராததும், அடிவயிற்றில் இருந்து ஒரு அழுகை வைத்தாள்.

நான் தூக்கினேன். என் தோளில் நிற்க மாட்டேன் என்றாள். கதவையே காட்டிக் காட்டி அழுதாள். ஒரு பிள்ளை அழும்போது தாய்க்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

படிகளில் யாரோ ஓடிவரும் சத்தம். அவர்தான். லிஃப்டுக்கும் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து மூச்சிரைக்க நின்றார். சத்தம் கேட்டு எதிர்க்கதவைத் திறந்துகொண்டு ஃபரீனாவும் வந்துவிட்டாள்.

“கௌரி, எனத்துக்குப் புள்ள இப்பிடி அழுகுது?”

நான் வாய் திறக்க முதல் அவர் முந்திக்கொண்டார்.

“எனக்குத்தான் அழுதவள். நான் போயிட்டன் எண்டு அழுதவள்.”

வேறெந்தத் தகப்பனும் ஒரு பட்டத்தைக்கூட அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கமாட்டான். “கேட்டது, கேட்டது, மூணு மாடிக்கும் கேட்டது” என்று ஃபரீனா சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆதிரை என் தோளில் இருந்து அவரிடம் தாவினாள். ஒரு விக்கல், இன்னொரு விக்கல். பிறகு அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். விட்டுவிட்டு அந்தக் கன்னத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு ஆறிப்போனாள்.

அவளை அணைத்தபடி அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரகசியமாக என்னிடம் கேட்டார்.

“இன்னொருக்காப் போயிட்டு வரட்டே?”

பாண் எங்கே என்று கேட்டேன். கையைப் பார்த்தார். பேக்கரிக்குப் போய்ச் சேரவே இல்லை.

கடைசியில் மூன்று பேருமாகத்தான் போனோம். காலி வீதியில் கடைகளுக்கு வெளிச்சம் போட்டிருந்தார்கள். அவள் அவருடைய தோளில் இருந்துகொண்டு பஸ்களை எல்லாம் உரிமையோடு பார்த்து வந்தாள். பேக்கரிக்குக் கிட்ட வந்ததும் அவர் நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியிருந்தது.

“இனி இவளை அழவிட்டிட்டு எப்பிடியப்பா கப்பலுக்குப் போறது?”

நானும் அதைத்தான் வீட்டில் இருந்தே யோசித்துக்கொண்டு வந்தேன்.

“போன முறை அழாமலெல்லே விட்டாள்” என்றேன். “இந்த முறை அழுவாள். நீங்கள் திரும்பி வந்து நிப்பாட்டுங்கோ.”